அழிப்பதற்காக அரை மணி நேரம் மிதித்தேன்

போன மாதம் என்னுடைய பழைய லப்டொப்பை விற்கக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தாயிற்றா என்று கேட்டார். எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அது வீட்டு வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றினது மாதிரித்தானாம். ஆட்களும் சாமானும் உள்ளேயே இருப்பார்களாம். வழி தெரிந்தவன் பின்கதவால் போய் எல்லாவற்றையும் அள்ளிவிடுவானாம். பழையதற்கு மேலே வேறு எதையாவது எழுதி நிரப்பினால்தான் பழையது போகும், அதையும் கடைசியில் ஒருதரம் திறந்து பார்க்க வேண்டும் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

நான் தலையாட்டினேன். இந்தப் பாடம் எனக்குப் புதிதல்ல. முதல்தரம் படித்தபோது லப்டொப் என்ற சொல் என் காதில் விழுந்திருக்கவில்லை. மின்சாரமும் கிடையாது. நான் இருந்து படித்த பள்ளிக்கூட வாங்கு ஒரு சைக்கிள் சீற்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தேன். வயது முப்பது. கலியாணம் ஆகவில்லை. ஆகும் என்று யாரும் பந்தயம் கட்டவுமில்லை. கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுகிற வேலை. நான் ஒழுங்கையில் திரும்பும்போதே மணத்தை வைத்துச் சனம் என்னைக் கண்டுபிடித்துவிடும். சொத்து என்று இரண்டு இருந்தன. ஒன்று சைக்கிள், மற்றது ஒரு கசற் ரேடியோ.

இரண்டும் தனித்தனிச் சொத்து அல்ல. வன்னிக்குள் பற்றரி வருவது குதிரைக்கொம்பாக இருந்த நாட்கள் அவை. ஆகவே ரேடியோவைச் சைக்கிளில் பூட்டினோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லு நிலத்தில் படாமல் நிறுத்தி, டைனமோவைச் சில்லில் உரசவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்தால், ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்கலாம். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார்.

என்னுடைய ரேடியோவில் குரலைப் பதியவும் முடியும். மைக் உள்ளேயே இருந்தது. முன்பக்கத்தில் மிளகளவு ஓட்டை ஒன்று, அதற்குப் பின்னால் மைக். இந்த மிளகளவு ஓட்டையை வாசிக்கிறவர்கள் மறக்காமல் இருந்தால் போதும். நான் மறந்தேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தவர்கள் கடிதம் எழுதுவதைவிடக் கசற்றில் கதைத்து அனுப்பத்தான் விரும்பினார்கள். கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் போகும். கசற்றில் இருமலும் போகும், பெருமூச்சும் போகும், பின்னால் கத்துகிற கோழியும் போகும். அப்படி வருகிறவர்களை ரேடியோவுக்கு முன்னால் இருத்திவிட்டு, நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு மிதிப்பேன். அவர்கள் சொன்ன எதையும் நான் வெளியே விட்டதில்லை. என்னிடம் இருந்த ஒரே நல்ல குணம் அது. மற்றதெல்லாம் வாய்தான்.

எனக்கு இரண்டு கொட்டில் தள்ளி ஓர் அக்கா இருந்தா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வேதக்காரக் குடும்பம். மனிசன் காய்ச்சலில் போய் நான்கு வருடம். ஒரே மகன் பாரிசில். அக்கா மல்லாவிச் சந்தையில் கருவாடு விற்றா. எனக்கு மண்ணெண்ணெய் மணம், அவவுக்குக் கருவாட்டு மணம். ஒருவருக்கொருவர் மூக்கைச் சுளிக்க உரிமை இல்லாததால் நல்ல ஒற்றுமை. கரையில் நின்று கடலில் நிற்கிற வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவவுக்கு. இரகசியம் சொன்னாலும் நான்கு வளவுக்குக் கேட்கும்.

அப்படிப்பட்டவ ஒருநாள் என்னிடம் வந்து, மகனுக்குக் கசற் பதிய வேணும், ஆனால் பக்கத்து மில்லில் நெல்லுக் குத்துகிற நேரமாகப் பார்த்துப் பதிவோம் என்றா. மில்லின் இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பி மிதித்தேன். ஆனால் காதைத் திருப்ப முடியாதே.

விடயம் இதுதான். அந்தப் பக்கத்துக்குப் பாண் போடுகிற மனிதர் ஒருவர் இருந்தார். அவருடைய கடைப் பலகையில் வெதுப்பகம் என்று எழுதியிருந்தது. சனம் பேக்கரி என்றது. அவரும் மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சொல்லுக்குமேல் பேசாதவர். அவரும் அக்காவும் கலியாணம் செய்ய யோசித்திருந்தார்கள். மகன் ஓம் என்றால் செய்வது, இல்லையென்றால் அந்தக் கதையை அதோடு விடுவது. அதற்கு முதல் ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது.

முதலில் என்னுடைய கசற்றில் ஒருதரம் சொல்லிப் பார்த்தா. ஒத்திகை. அதில் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லி, நடுவில் அழுது, மகனை ஏசி, என்னையும் மெதுவாக மிதிக்கிறாய் என்று ஏசினா. பிறகு தன்னுடைய புதுக் கசற்றில் வடிவாகச் சொன்னா. அந்தக் கசற்றை வவுனியாவுக்குப் போன கன்னியாஸ்திரி ஒருவர் தன் பையில் கொண்டுபோனார். அங்கேயிருந்து கொழும்பு, அங்கேயிருந்து பாரிஸ். ஒத்திகை என்னிடம் தங்கிவிட்டது.

ஐப்பசி மழை தொடங்கியது. என் கொட்டிலின் கிடுகுக் கூரை உக்கி, படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கிற நிலையில் இருந்தது. மழைக்கு உள்ளே நிற்பதும் வெளியே நிற்பதும் ஒன்றாகிவிட்ட ஒரு நாளில், சந்தித் தேத்தண்ணிக்கடை அண்ணர் ஒரு யோசனை சொன்னார். அவரிடம் எட்டுத் தகரம் சும்மா கிடந்தது. என்னிடம் ரேடியோ இருந்தது. தகரத்தை நான் எடுப்பது, ரேடியோவை அவர் எடுப்பது.

அண்ணர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இளம் வயதில் வன்னிக்கு வந்து காடு வெட்டி, கமம் செய்து, முழங்கால் வலி வந்த பிறகு கடை போட்டவர். தேயிலையை முகர்ந்தே எந்தத் தோட்டம் என்று சொல்வேன் என்பார். எங்களுக்கு அப்போது கிடைத்த தூளை முகர்ந்தால் தும்மல்தான் வரும். அவருடைய கடையில் தேத்தண்ணியைவிடக் கதைதான் அதிகம் விற்பனையாகும். மல்லாவியில் நடந்தது துணுக்காய்க்குத் தெரிய வேண்டுமென்றால் அங்கே ஒரு கிளாஸ் குடித்தால் போதும்.

ரேடியோவோடு மூன்று கசற்றும் தர வேண்டும் என்பது பேச்சு. இரண்டில் பாட்டு. மூன்றாவதில் ஒரு பக்கம் பாட்டு, மற்றப் பக்கம் அக்கா. மூன்றாவதை ஒளித்துவைக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் மூன்றையும் கையில் வாங்கி, மூன்றாவதில் பிள்ளையார் பாட்டு என்று எழுதியிருந்ததைக் கண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார். ஒற்றிய பிறகு இல்லையென்று எப்படிச் சொல்வது? துடைத்து, வெயிலில் வைத்து, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் அக்காவிடம் போய்விட்டது. நான் வரும்போது அவ என் படலையில் நின்றா.

"தம்பி, அந்தக் கடையில என்ர குரல் இண்டைக்குக் கேட்டால், அடுத்த மாசம் பாரிசில கேக்கும். அங்க தேத்தண்ணி குடிக்கிற அரைவாசிப் பேருக்குப் பாரிசில ஆள் இருக்கு. என்ர பிள்ளை இதை என்ர வாயால கேக்க வேணும். ஊராற்ர வாயால கேட்டானெண்டால் அவன் ஓம் எண்டு சொன்னாலும் எனக்கு வேண்டாம்."

அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று சத்தியம் செய்தேன். நான் சத்தியம் செய்கிறபோது என்னை அறிந்தவர்கள் பயப்படுவார்கள். அக்காவும் பயந்தா.

கசற்றை அழிக்க ஒரு வழிதான் உண்டு. பதிகிற பொத்தானை அமத்தி, பழையதற்கு மேலே புதிதாகப் பதிய வேண்டும். ஒன்றும் பேசாமல் மிதித்தால் பழைய குரலுக்கு மேலே அமைதி பதியும். ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆகவே முப்பது நிமிடம் மிதிக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. முதலாவதை என் கால்கள் செய்தன. இரண்டாவதை என் வாய் செய்யவில்லை.

ஐந்து நிமிடம் ஊமையாக மிதித்தேன். அது என் வாழ்க்கையில் ஒரு சாதனை. அதற்குப் பிறகு, ஓடாத சைக்கிளில் ஒருவன் எவ்வளவு நேரம்தான் எங்கேயும் போகாமல் இருப்பான்? மெதுவாக ஒரு பயணம் தொடங்கினேன். மல்லாவியிலிருந்து பாரிசுக்கு. மாங்குளம் சந்தியில் திரும்பியபோது நேர்முக வர்ணனையும் தொடங்கிவிட்டது, வாய்விட்டு. இடப்பக்கம் காடு, வலப்பக்கமும் காடு, வீரர் சளைக்காமல் மிதிக்கிறார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் என்னை நானே மறித்தேன்.

"எங்க போறாய்?"

"பாரிசுக்கு ஐயா."

"பாஸ் இருக்கோ?"

"இல்லை ஐயா. ஆனால் நான் இன்னும் மல்லாவியிலதான் நிக்கிறன்."

மறித்தவர் சிரித்து விட்டுவிட்டார். கொழும்பு தாண்டிக் கடலில் சைக்கிள் எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. எனக்கு முன்னால் போனவர்களும் அதைச் சொன்னதில்லை. பாரிசில் பெரிய வரவேற்பு. நகர மேயர் மாலை போட்டார். பதிலுக்குப் பிரெஞ்சில் உரையாற்றினேன். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் மெர்சி. அதைக் கோபமாகவும் உருக்கமாகவும் கேள்வியாகவும் சொல்லி ஐந்து நிமிடம் ஓட்டினேன். கடைசியில் தமிழுக்கு மாறி, மண்ணெண்ணெய் மணத்தைச் சகிக்கக்கூடிய ஒரு பெண் பாரிசில் இருந்தால் மேயர் அவர்கள் பார்த்து ஒழுங்குபடுத்தித் தர வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த இடத்தில்தான் அக்கா உள்ளே வந்தா.

அழித்துவிட்டேனா என்று கேட்டா. அழிந்துகொண்டிருக்கிறது, நிற்பாட்டினால் இடையில் ஒரு துண்டு தப்பிவிடும், ஆகவே மிதித்துக்கொண்டே கதைக்கிறேன் என்றேன். எவ்வளவு பொறுப்பான பதில் பாருங்கள். அன்றைக்கு மில்லும் ஓடவில்லை. பக்கத்துக் கொட்டிலுக்குக் கேட்டுவிடுமென்று அக்கா மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, எனக்குக் கிட்டவாக, ரேடியோவுக்கு ஒரு முழத்தில் குனிந்து இருந்துகொண்டா. அவ வாய்க்கு நேரே அந்த மிளகளவு ஓட்டை.

நானும் சும்மா இருந்தேனா? அன்றைக்கு மகனுக்கு என்னதான் சொன்னீங்கள் அக்கா, மில் சத்தத்தில் எனக்கு ஒழுங்காகக் கேட்கவில்லை என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டேன். அவ மனம் திறந்து சொன்னா.

"என்னத்தைச் சொல்ல, தம்பி. நாலு வருசமாத் தனியச் சமைச்சுத் தனியத் தின்னுறன். அந்த மனிசனும் ஊருக்கெல்லாம் பாண் போட்டுட்டுத் தனக்குக் கஞ்சி காய்ச்சிக் குடிக்குது. ரண்டு அடுப்பு எரியிற இடத்தில ஒண்டு எரிஞ்சால் காணாதோ எண்டுதான் மகனிட்டைக் கேட்டனான். உன்ர அப்பாவை மறக்கேல்லை எண்டும் சொன்னனான். அவரைக் கேக்காமல் இதைச் செய்ய ஏலாது, அவர் இல்லை, அதால உன்னைக் கேக்கிறன் எண்டு சொன்னனான்."

இப்படிச் சொன்னால் மகன் மாட்டேன் என்பானா என்றேன். பெற்ற பிள்ளையிடம் கலியாணம் கேட்கிற வெட்கம் உனக்கு எங்கே விளங்கப்போகிறது, உனக்கு ஊராரிடம் கேட்கவே வெட்கமில்லை என்றா. அவ சொல்லி முடிக்கவும் கசற் முடிந்து பொத்தான் டக்கென்று மேலே வரவும் சரியாக இருந்தது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அக்கா. இதில இப்ப இருக்கிறது சுத்தமான அமைதி. ஒரு சொல்லும் இல்லை."

ஒருதரம் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் போட்டுப் பார்க்க இன்னொரு அரை மணி நேரம் மிதிக்க வேண்டும். என் கால்கள் அப்போதுதான் பாரிசுக்குப் போய் வந்திருந்தன. பேனையை ஓட்டைக்குள் விட்டுக் கசற்றைச் சுற்றி முன்னுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் ரேடியோவையும் கசற்றுகளையும் கொடுத்து, எட்டுத் தகரத்தைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து, கூரை போட்டு, இரண்டு நாள் மழைச் சத்தத்துக்குக் கீழே ராசா மாதிரிப் படுத்தேன்.

மூன்றாம் நாள் கூட்டுறவுக் கடையில் வரிசை நின்றது. முதல் ஆள் போத்தலை நீட்டி, பாரிசில் எல்லோரும் சுகமோ என்று கேட்டார். எல்லோருக்கும் யாராவது பாரிசில் இருப்பார்கள், ஆள் மாறிக் கேட்கிறார் என்று நினைத்து ஓம் என்றேன். இரண்டாவது ஆள் மண்ணெண்ணெயை வாங்கிவிட்டு மெர்சி என்றார். என் கை அளவுக் குவளையோடு நின்றது. மூன்றாவதாக நின்றவ நான்கு பிள்ளை பெற்ற மனிசி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த மணம் பிடித்த பொம்பிளை ஒருத்தி பாரிசில் கிடைத்தாளா தம்பி என்று கேட்டா. வரிசை முழுவதும் குலுங்கியது.

மிளகளவு ஓட்டை அப்போது என் நெஞ்சில் திறந்தது. என்னுடைய பாரிஸ் பயணம் ஊருக்குத் தெரிந்தது பற்றி எனக்குக் கவலை இல்லை. மானம் என்னிடம் அளவாகத்தான் இருந்தது, அதில் கொஞ்சம் போனால் பெரிய நட்டமில்லை. ஆனால் மேயருக்குப் பிறகு யார் வந்தது என்று எனக்குத் தெரியும். அளவுக் குவளையைக் கூட வேலை செய்தவரின் கையில் கொடுத்துவிட்டுச் சந்திக்குப் பறந்தேன்.

என்னைக் கண்டதும் தேத்தண்ணிக்கடை அண்ணர் இரண்டு கையையும் தூக்கி வரவேற்றார்.

"வாங்க தம்பி, வாங்க. ஒங்களுக்கு இனிமே இந்தக் கடையில தேத்தண்ணி இனாம். ஓமந்தையில ஒங்கள மறிச்ச எடத்துல ஒருத்தரு சிரிச்சுக் கிளாஸயே கீழ போட்டுட்டாரு."

மெதுவாக விசாரித்தேன். காலையில் கடையில் பத்துப் பேர் இருந்தார்களாம். பிள்ளையார் பாட்டுக் கேட்கத்தான் போட்டார்களாம், பக்கம் மாறிவிட்டதாம், முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் பாட்டுக்காகக் காத்திருந்தார்களாம். பாண் கொண்டுவந்த பேக்கரிக்காரரின் சைக்கிளில் நல்ல டைனமோ இருந்ததால் அவரையே ஏற்றி மிதிக்கவிட்டார்களாம். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவர் மட்டும் சிரிக்காமல் மிதித்துக்கொண்டிருந்தாராம்.

"மேயரு கிட்ட பொண்ணு கேட்டீங்கள்ல, அதுக்கப்புறம் ஒரு பொம்பள கொரல் தம்பின்னுச்சு. நீங்கதான் கொரல மாத்திப் பேசுறீங்கன்னு நெனச்சோம். சரியா அந்த எடத்துல பாண்காரரு சைக்கிள்ல செயின் கழண்டுருச்சு. பாண் ஆறுதுன்னு சொல்லிட்டு சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. மிச்சத்த அஞ்சு மணிக்குக் கேக்கப் போறோம். துணுக்காயிலருந்து கூட ஆளு வருது."

கசற் நின்ற இடத்திலேயே ரேடியோவுக்குள் நிற்பதாகச் சொன்னார். நான் பொய்களை எடுத்துவிட்டேன். மிச்சத்தில் நான் மூச்சு வாங்குவதுதான் இருக்கிறது என்றேன். அதுதான் இன்னும் நல்லாயிருக்கும் என்றார். அந்த இடத்தில் நாடா சிக்கும் என்றேன். மேசையிலிருந்து ஒரு பேனையை எடுத்துக் காட்டினார். இனிப் பொய் கைவசம் இல்லை. எனக்கு அப்படி ஒரு நிலை வருவது அபூர்வம்.

"அண்ணை, அதுக்குப் பிறகு இருக்கிறது என்ர பகிடி இல்லை. வேற ஒரு ஆள் என்னை நம்பிச் சொன்ன கதை. அழிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு என்ர விசர்த்தனத்தால நானே பதிஞ்சுபோட்டன். அதைக் கேக்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கிறார். அவர் கேக்க முந்தி இந்தக் கடை கேட்டால், அந்த ஆளுக்கு இனி ஒண்டும் இல்லை."

அண்ணர் யாரென்று கேட்கவில்லை. கேட்க வாய் உன்னியதை நான் கண்டேன். அந்த மனிதருக்கு ஒரு கதையை விடுவது பசித்தவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைப்பது மாதிரி. கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"நான் லயத்துல பொறந்தவன் தம்பி. ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அடுத்த காம்பறாவுல பேசுறது, அழுவுறது அத்தனையும் காதுல விழும். விழுந்தாலும் விழாத மாதிரி இருக்கணும். அது எங்களுக்கு ஆத்தா பாலோட வந்தது." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா பாரிஸத் தரமாட்டேன். அது கடைக்கு வேணும்."

ஆகவே வெட்டுவது என்று முடிவாயிற்று. கசற்றின் சின்ன ஆணிகளைக் கழற்றித் திறந்தோம். மேயர் முடிந்து அக்கா தொடங்குகிற இடம் நேரே முன்னால் நின்றது. அண்ணர் சவரம் செய்கிற பிளேட்டை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார். நாடாவின் மறுபக்கத்தில் அதே இடத்தில் பிள்ளையார் பாட்டின் தொடக்கம் இருந்தது. ஒரு பக்கத்தை வெட்டினால் மற்றப் பக்கமும் போகும். பிள்ளையாருக்குப் பிளேட் வைப்பதா என்று அவர் யோசிக்க, எனக்கு வியர்த்தது. சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். வெட்டிய துண்டை ஒரு பாண் பைக்குள் போட்டு என் கையில் தந்தார்.

தண்டனை இல்லாமல் விட்டாரா? இல்லை. ஐந்து மணிக்குச் சனம் வந்தது. பேக்கரிக்காரரின் சைக்கிள் வரவில்லை. ஆகவே என் சைக்கிளில் நானே ஏறி, என் குரலை நானே மிதித்து, ஊர் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு நானே மின்சாரம் கொடுத்தேன். மாங்குளத்தில் கொஞ்சம் மெதுவாக மிதித்ததற்கு ஏச்சும் வாங்கினேன். அதற்குப் பிறகு வன்னியை விட்டு வரும்வரை என் சொந்தப் பெயர் பங்கீட்டு அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஊரில் நான் பாரிஸ்.

அங்கேயிருந்து நேரே அக்காவிடம் போனேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதெல்லாம் வீண். அவ கருவாட்டுக் கத்தியோடு வாசலில் இருந்தா. பக்கத்தில் பேக்கரிக்காரர், கருவாடு வாங்க வந்தவர் மாதிரி, ஒரு கதிரையில் இருந்தார். காலையில் கடையிலிருந்து நேரே இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனவர், பின்னேரம் திரும்பவும் வந்திருக்கிறார்.

"வா தம்பி. பாரிசுக்குப் போய் வந்திட்டியோ?"

பையைக் கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைக்கும்வரை நான் கிட்டப் போகவில்லை.

"அழிக்கக் குடுத்தால் அழிக்கிறதுதானே. ஒருக்கால் அழுதழுது சொன்னதை, ரண்டாந்தரம் வடிவா விளக்கமாச் சொல்லவைச்சுப் பதிஞ்சிருக்கிறாய். உன்னை நம்பினதுக்கு நான் சந்தையில நிண்டு கத்தியிருக்கலாம், அது ஒரு நாளில முடிஞ்சிருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு, பேச்சை மாற்ற, பேக்கரிக்காரரைப் பார்த்து நல்லகாலம் செயின் கழன்றது என்றேன். அவர் அன்றைக்கு மிச்சமிருந்த சொற்களை எடுத்துச் செலவழித்தார்.

"என்ர சைக்கிளில செயின் கழண்டு நான் ஒருநாளும் காணேல்லை."

அக்கா அவரைப் பார்த்தா. பிறகு சிரிப்பு வந்து, அதை எனக்குக் காட்டக்கூடாது என்று முகத்தைத் திருப்பினா. அந்த நாடாவை அடுப்பில் போட்டால் நாறும் என்று சொல்லி, கொட்டிலுக்குப் பின்னால் பயற்றங்கொடிக்குக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டினா. காற்றுக்கு அது கூவ, கிளிகள் கிட்ட வராமல் நின்றன. இனிக் கத்தட்டும், கிளிக்கு விளங்கினால் விளங்கட்டும் என்றா.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் பாரிசில் யார் காதில் என்ன விழுந்ததோ என்றே கிடந்தேன். யாராவது அக்காவைப் பார்த்துச் சிரித்தால் என் கண் அங்கே போய்விடும். மண்ணெண்ணெய் சிந்தும். பாரிசிலிருந்து கடிதம் வந்த வீடுகளுக்குப் போய், என்ன புதினம் என்று நானே சுற்றிச் சுற்றிக் கேட்பேன். எல்லோரும் பாரிஸ் என்ற பெயருக்குப் பொருத்தமான கவலைதான் என்று நினைத்தார்கள். அக்கா மட்டும் வழக்கம்போலக் கருவாடு விற்றா. பாண் வாங்கும்போது மற்றவர்களைப் போல வரிசையில் நின்று வாங்கினா.

தை பிறந்து சில நாளில், மண்ணெண்ணெய் கொடுக்கிற ஒரு காலைநேரம், அக்கா கையில் ஒரு கடிதத்தோடு வந்தா. கன்னியாஸ்திரி வவுனியாவிலிருந்து திரும்பி வந்திருந்தார். வரிசையில் முப்பது பேருக்குமேல் நின்றார்கள். அக்கா வரிசையில் நிற்கவில்லை. நேரே எனக்கு முன்னால் வந்து, கடிதத்தை விரித்து, கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற அந்தக் குரலை முழுதாக எடுத்து வாசித்தா.

"அம்மா, உங்கட கசற் கிடைச்சது. மூண்டு தரம் கேட்டனான். முதல் தரம் கோவம் வந்தது. ரண்டாந்தரம் அழுதனான். மூண்டாந்தரம் பின்னால ஆரோ மூச்சு வாங்க வாங்க மிதிக்கிற சத்தம் கேட்டுச் சிரிச்சுப்போட்டன். எனக்கு இதை வேற ஒருத்தரும் சொல்லேல்லை, நீங்கள்தான் சொன்னீங்கள். எனக்கு அது காணும். அவரைக் கட்டுங்கோ. அவர் கேக்கும் போடுவாரோ எண்டு கேட்டு எழுதுங்கோ."

வரிசை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. முப்பது போத்தலில் ஒரு போத்தல்கூட ஆடவில்லை. யாரைக் கட்டுவது என்று பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார். அக்கா சொன்னா. வெதுப்பகம் என்று பலகையில் இருந்த முழுப் பெயரையும் சொன்னா. அப்படியென்றால் இனி உங்களுக்குப் பாண் சும்மாவோ அக்கா என்று ஒரு குரல் வந்தது.

"பாண் சும்மாதான். கருவாட்டை அவருக்குச் சும்மா குடுப்பன் எண்டு ஆர் சொன்னது?"

அன்றைக்கு வரிசை போட்ட சிரிப்பில் என்னைப் பற்றி ஒரு துளியும் இருக்கவில்லை. இரண்டு மாதத்தில் முதல்தரம் சிந்தாமல் ஊற்றினேன்.

வரிசையில் ஏழாவதாகத் தேத்தண்ணிக்கடை அண்ணர் நின்றார். பிளேட் பிடித்த அந்தக் கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம், அப்படியா, இவங்களா, நமக்கு ஒரு துப்பும் தெரியாமப் போச்சே என்று எல்லோரையும்விடச் சத்தமாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்.